நிறுவியவர் யார்?

ஆற்றங்கரை வினிகர் ஆலைக்கு நூறு வயது. மதில் சுவரில் 'நிறுவியவர்' என்று எழுதிவிட்டு, பெயருக்காக ஏணியிலேயே காத்து நின்றார் பெயிண்டர். கீழே, ஆலையின் முதலாளிகளான, அண்ணன் தம்பி முறையுள்ள பங்காளிகள் இருவரும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்க தாத்தா எவ்வளவு பொறுப்பானவர்னு ஊருக்கே தெரியும்!"

"டேய், அளந்து பேசு! உங்க தாத்தா மட்டும் என்னவாம்? எடுத்த வேலையை முடிக்காம நகரமாட்டார்!"

"உங்க தாத்தாவுக்கு ஞாபக மறதியே கிடையாதாமே!"

"இதுக்கு மேல பேசினா மரியாதை கெட்டுடும்!" அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

பெயிண்டருக்குத் தலை சுற்றியது. அடுத்தவர் தாத்தாவைப் புகழ்ந்து அடித்துக்கொள்பவர்களை இன்றுதான் பார்க்கிறார். கால் கடுக்க, எரிச்சலோடு இறங்கி வந்தார்.

"ரெண்டு பேருமே தங்கமான மனுஷங்கதானே? ரெண்டு பேரையும் எழுதிடறேன், ஆளை விடுங்க சாமி!"

"அதெப்படி?" இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.

தம்பி விளக்கினார். "தாத்தாங்க ரெண்டு பேரும் அப்ப திராட்சைச் சாறுதான் வித்துட்டிருந்தாங்க. ஒருத்தர் பீப்பாயை மூட மறந்துட்டு வெளியூர் போயிட்டார். திரும்பி வந்து பார்த்தா, அத்தனையும் புளிச்சு வினிகராகி நிக்குது. ஆலை வந்ததே அதனாலதான். மறந்த அந்த மகராசன் எங்க தாத்தாதான்!"

"இல்ல, எங்க தாத்தா!" என்று கத்தினார் அண்ணன்.

பெயிண்டர் ஏணியில் தொங்கிய டப்பாவை எட்டிப் பார்த்தார். இவர்கள் சண்டையில் அதை மூடவே மறந்திருந்தார். பெயிண்ட் ஆடை படிந்து இறுகிக் கிடந்தது.

"நானும்தான் மூட மறந்துட்டேன்," என்றார் கடுப்பாக. "பேசாம என் பேரையே எழுதிடட்டுமா?"