பன்னிரண்டாவது கை

காலையிலிருந்து வந்த பதினொரு பேரும் ஒரே வரியைத்தான் பச்சை குத்திக்கொண்டார்கள். 'நான் இல்லேன்னாலும் சத்தமா இரு.' அதை எழுதி, இருபது வருஷம் கிடாரும் கையுமாக மேடையில் கத்திப் பாடிய டேரியஸ், செவ்வாய்க்கிழமை இறந்துபோயிருந்தான்.

பன்னிரண்டாவதாக வந்த ஜெனிட்டா, நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க ரொம்ப வலிக்கும்மா. மரத்துப்போற க்ரீம் தடவிடறேன்" என்றான் டாட்டூ கடை லெனின்.

"வேணாம்ணா. அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் கதறுனாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமே வரல. மூணு நாளா சோறும் மண்ணும் ஒண்ணாதான் இருக்கு. இதாவது வலிக்கட்டும்."

குத்தி முடித்தும் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்த கனத்த மனிதர் சிரித்தார். "வீராப்பு வேணாம் தங்கச்சி. க்ரீம் போட்டும் நான் கத்துன கத்துல, ரோட்ல போன ஆட்டோ நின்னுடுச்சு."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. சுவரில் இருந்த போஸ்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் டேரியஸ், மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டியபடி நின்றிருந்தான்.

இயந்திரம் ரீங்கரித்தது. லெனின் குனிந்து எழுத்து எழுத்தாக நகர்ந்தான். கடைசி எழுத்தையும் முடித்து, பொட்டுப் பொட்டாகத் துளிர்த்த ரத்தத்தை டிஷ்யூவால் ஒற்றினான். கனத்த மனிதர் பார்க்கப் பொறுக்காமல் தன் கையையே இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஜெனிட்டா போஸ்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்பண்ணா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.