மகாராணிக்கு டீ வேண்டாம்

"தூக்குய்யா, சீக்கிரம்! இன்னும் பத்து நிமிஷத்துல ஆய்வுக்குழு வந்துடும்!"

மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தானும் ஒரு பெட்டியை இழுத்தார். ஏழாம் நம்பர் அறையில் மேற்கூரைவரை பழைய கோப்புகள். காவலாளி மூச்சிரைக்கச் சுமந்துபோய்ப் பின்வாசலில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அலுவலகம் என்ற சான்றிதழ் இன்று கிடைத்தாக வேண்டும். வாசலில் சாய்தளம், அகலமான கதவு, தாழ்வான மேசை எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே தயார். இந்த அறைதான் பாக்கி.

"குழுவுக்கு மகாராணியைத்தானே சார் முதல்ல காட்டுவீங்க?" என்றார் காவலாளி.

மேலாளருக்குச் சுருக்கென்றது. சக்கர நாற்காலியில் வந்து, வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் பெண்தான் மகாராணி. வந்த புதிதில், "ஏழாம் நம்பர் எப்ப சார் காலியாகும்?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். 'பாக்கலாம்மா' என்றவர் அதோடு மறந்துபோனார். "மகாராணிக்குத் தனி அறை வேணுமாக்கும்!" என்று ஆபீஸ் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கேற்ற மாதிரி, யார் டீ கொடுத்தாலும் தொடமாட்டாள். மேலாளர் தன் பிறந்தநாளன்று தானே கொண்டுபோய் நீட்டியபோதும், "வேண்டாம் சார்."

இப்போது அவர் சட்டைப்பையில் அவளைப் பற்றிய அறிக்கை இருந்தது. 'யாருடனும் ஒட்டுவதில்லை. மதியத்துக்குமேல் குரல் கம்மிவிடுகிறது. பணி நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை.' காலையில்தான் கையெழுத்துப் போட்டார். அவளைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அவளையே வீட்டுக்கு அனுப்புவதா? செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

குழு வந்தது. கேட்டதற்கெல்லாம் அவள் கரகரத்த குரலில் சிரித்தபடி பதில் சொன்னாள். "பிரமாதம் சார். வரைபடத்துல இருக்கறது அப்படியே இருக்கு!" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

மேலாளருக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. ஒரு கோப்பை டீயோடு அவள் மேசைக்குப் போனார்.

"இன்னிக்காவது குடிம்மா. எங்க மேல அப்படியென்ன கோபம்?"

"ஐயோ, கோபமெல்லாம் இல்ல சார்..." காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு, கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

காவலாளி வந்து நின்றார். "சார், அவங்க போயாச்சு. பெட்டியையெல்லாம் பழையபடி உள்ள அடுக்கிடட்டுமா?"

அவள் சட்டென்று திரும்பினாள். தாழ்வாரக் கோடியில் ஏழாம் நம்பர் கதவு திறந்து கிடந்தது. வெள்ளை ஓடு, சுவரில் பிடிமானக் கம்பி. அந்த அலுவலகத்தில் அவள் நாற்காலி நுழையக்கூடிய ஒரே கழிப்பறை.

கதவையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அடுக்கலைன்னா... நானும் டீ குடிக்கலாமா சார்?"