காட்டெருமையும் பெயர்ப் பலகையும்

மலையை நகராட்சி பூங்காவாக்கி நூறு வருஷம் ஆயிற்றாம். அதைக் கொண்டாட, கம்பி வேலியோரம் பெரிய பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். வேலிக்குள் மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுக் காட்டெருமைக்கு அதைக் கண்டதுமே மூக்கு விடைத்தது.

"உன் மேல என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டது.

பலகை தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தது. "பூங்கா வரலாறு. அழிந்துகொண்டிருந்த காட்டெருமைகளில் மிஞ்சிய ஏழினை வேலியிட்டுக் காப்பாற்றியது நமது நகராட்சி."

"நாங்க தானாவா அழிஞ்சோம்? துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்தது யாரு? அது எங்கடா?"

"இடம் போதவில்லை அம்மா. திறந்துவைத்தவர்கள் பெயரே பதினொரு வரி வந்துவிட்டது."

காட்டெருமைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சுட்டது போக மிஞ்சினதுக்குப் பேரு காப்பாத்தினதா?"

"என்னை ஏன் கோபிக்கிறீர்கள்? எழுதிக் கொடுத்ததை நான் சுமக்கிறேன், அவ்வளவுதான்."

"சுமந்தது போதும், இறங்கு!" என்று காட்டெருமை தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. கம்பி அறுந்தது. பலகை கால் முறிந்து குப்புற விழுந்தது.

மறுநாளே ஆட்கள் வந்து வேலியை இரட்டையாகக் கட்டினார்கள். அதே இடத்தில், அதே அளவில், புதுப் பலகை ஒன்றையும் நட்டார்கள்.

"நீ என்ன சொல்லப்போற?" என்று உறுமியது காட்டெருமை.

புதுப் பலகை நடுங்கிக்கொண்டே வாசித்தது. "எச்சரிக்கை. இந்த விலங்கு காரணமில்லாமல் தாக்கும்."

அதற்குக் கீழே முக்கால் பலகை வெறுமையாகக் கிடந்தது.