கண்ணாடி அறைப் பொங்கல்

"இந்தப் பொங்கலுக்குச் சூரியன் எங்க வீட்டுக்குள்ளயே வந்து, பானைக்குப் பக்கத்துல உக்காரப் போறாரு."

சின்னையா இதைக் கோப்பிக் கடையில் சொன்னார், கோவிலில் சொன்னார், பட்டர்வொர்த் போகிற ஃபெர்ரிப் படகில் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்திவைத்தும் சொன்னார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நம்பாதவள் ஒருத்திதான், அவர் மனைவி நல்லம்மாள்.

முப்பத்தாறு வருடமாக அவர் சொல்வதைப் பத்தால் வகுத்தே கேட்டுப் பழகியவள்.

வீடோ வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடு. ரயில் சுரங்கம் மாதிரி நீளம், நடு அறையில் நடுப்பகலுக்கே விளக்கு வேண்டும். அதனால் நல்லம்மாள் மொட்டைமாடியில்தான் பொங்கல் வைப்பாள். சூரியன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பு மூட்டமாட்டாள்.

பிறகு அவளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கால் விழுந்தது. மாடிப்படியும் அதோடு சரி. போன தையில் பானையைப் பரணிலிருந்து இறக்கவே அவள் விடவில்லை.

அந்த ஒரு நாள் வீடு கிடந்த கிடப்பைச் சின்னையாவால் தாங்க முடியவில்லை.

பின்சுவரை இடித்தார். கூரையும் கண்ணாடி, சுவரும் கண்ணாடி என்று புதிதாக ஓர் அறையைக் கட்டினார். அதில் ஓர் ஈ உட்கார்ந்தால் நிழல் கொம்தார் கோபுரம் வரைக்கும் விழும் என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, சக்கர நாற்காலியை அவர் உள்ளே தள்ளி வந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம வாசல் கெழக்கு. அப்ப இது மேக்குலா. காலையில எந்தச் சூரியன் வருவாரு?"

நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் மடித்த மனிதர், அப்போதுதான் கிழக்கு எது, மேற்கு எது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வருவாரு. நான் சொல்லி வச்சிருக்கேன்."

பொங்கலன்று தெருப் பெண்கள் பாதிப் பேர் அந்த அறையில். மணி எட்டரை. வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. நல்லம்மாள் தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். சின்னையா மேற்கைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். அவர் கழுத்தில் வியர்வை வழிவதை அவள் பார்த்தாள்.

அப்போது விழுந்தது வெயில்.

மேற்கிலிருந்து. பளீரென்று, பானை மேல், அவள் மடி மேல்.

பெண்கள் போட்ட கூச்சலில் சந்துப் புறாக்கள் பினாங்கு மலை வரைக்கும் பறந்திருக்கும்.

நல்லம்மாள் கண்ணுக்கு மேல் கை வைத்து மேலே பார்த்தாள். சூரியன் கொஞ்சம் நடுங்கியது. ஒரு கணம் விலகியது. பின்சந்துக்கு அந்தப் பக்கம், மூன்றாம் மாடி ஜன்னலில், தையல்காரர் காஜா மொய்தீன், கடையின் ஆளுயர நிலைக்கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். அடுப்புப் பற்றியது. பிறகு கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்.

"பாய் நோன்புங்க. கை நடுங்குது பாருங்க. போய் எறக்கி வைக்கச் சொல்லுங்க."

அவர் குற்றவாளி மாதிரி விழித்தார். பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "அக்கா, நெசமாவே வந்தாரா?"

நல்லம்மாள் மடியைத் தடவிக்கொண்டாள். இன்னும் சுட்டது.

"வந்தாரு," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "என் கண்ணால பாத்தேன்."