வெட்டு என்று சொல்லாத வீடு

ஆரபியின் பதினாறாவது பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கத்தி கிடந்தது. அதைக் காட்டி பட்டர்க்கட்டியைக்கூட மிரட்ட முடியாது.

கொக்குவிலில் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏழு மாதமாக 'வெட்டு' என்ற சொல்லுக்குத் தடை.

காய்கறியை அரிந்தார்கள். தலைமயிரைக் குறைத்தார்கள். மின்வெட்டு வந்தால் கறண்டுக்குச் சுகமில்லை என்றார்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியான அன்று தகப்பன் பேப்பரைப் பிடித்தபடி 'அந்தப் புள்ளி, அந்தப் புள்ளி' என்று விக்கல் எடுத்தவர்போல் நின்றார்.

சட்டம் போட்டவன் தமையன் லக்ஷன். தங்கச்சி பயந்துவிடுவாளாம்.

ஆரபி கண்டதை ஊரே அறியும். ரியூசன் முடிந்து அவள் வந்த குறுகிய ஒழுங்கையில், மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் கடைக்காரர் சந்தியோகுவை வாளால் வெட்டினார்கள். முகத்தில் கறுப்புத் துணி. ஆரென்று பொலிசுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சந்தியோகு தப்பிவிட்டார். தையல் போட்ட தோளைக் காட்டாமல் இப்போது அவர் ஒரு சோடா விற்பதில்லை.

ஆரபிக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. தாய் உதயகலா சைக்கிளைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடுக்கமில்லாமல் ஒருநாள் போகட்டும், பிறகு தனியே ரியூசனுக்குப் போகலாம் என்பது அவளுடைய தீர்ப்பு.

இன்றைக்கு அந்த நாளாக வேண்டும் என்று ஆரபி காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மெழுகுதிரி அணைந்தது. மாமி அருமைநாயகிக்கு வாய் நழுவியது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வெட்டு பிள்ளை."

எல்லோரும் ஆரபியின் கையைப் பார்த்தார்கள்.

வெட்டினாள். அடிமட்டம் வைத்ததுபோல் நேர்கோடு.

சிரிப்பு வெடித்தது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் சிநேகிதி தனுசியா சொக்கிளேற் ஐசிங்கை அள்ளி லக்ஷனின் வாயிலும் மூக்கிலும் கன்னத்திலும் அப்பிவிட்டாள்.

முதல் துண்டைத் தமையனுக்கு ஊட்ட ஆரபி திரும்பினாள்.

கறுப்புக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் மிச்சம்.

அந்தக் கண்களை அவள் ஒழுங்கையில் கண்டிருந்தாள்.

துண்டை அவன் வாயில் வைத்தாள். கை நடுங்கவே இல்லை.

தாய்க்குப் பூரிப்பு. இடுப்பிலிருந்து திறப்பை உருவி, நாளையிலிருந்து சைக்கிளை எடுக்கலாம் என்றாள்.

"நாளைக்கு வேண்டாம் அம்மா. இப்பவே தாங்கோ."