நாலு மூட்டை உப்பு

கொட்டகையில் அன்று ஏழு பேர். முதலுதவிப் பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் ரம்யா. நாலு படகுகளுக்குச் சொந்தக்காரர் வீரபாகு. அந்தப் படகுகளில் போய்ச் சங்கு குளிக்கிறவர்கள் நாலு பேர். அதில் ஒருவன் அனிஷ். ஏழாவது, அனிஷின் அக்கா பிலோமி. அவளை யாரும் கூப்பிடவில்லை.

உப்பளத்தில் வேலை பார்க்கும் பிலோமி, நாலு மூட்டை உப்பைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியிருந்தாள்.

"என்னளா, இங்கன வந்து யாவாரமா?" என்றார் வீரபாகு.

"யாவாரமில்ல அண்ணாச்சி. படகுக்கு ஒரு மூட்டை. மருந்துப் பெட்டியோட இதையும் வச்சிருங்க. சும்மாத்தான்."

"எக்கா, பெட்டிக்குள்ள கருவாடு போடப் போறியளா?" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அனிஷுக்கு வெட்கமாக இருந்தது. "போக்கா, மானத்த வாங்காத."

"பெட்டியில என்ன வைக்கணும்ங்கிறது அப்புறம். முதல்ல கை பழகணும்," என்ற ரம்யா, பொம்மையைத் தரையில் கிடத்தினாள். "முங்கின ஆளைப் படகுல தூக்கிப் போட்டாச்சு. மூச்சு இல்ல. என்ன செய்வீங்க?"

"உப்புக்குள்ள போட்டு மூடணும். உள்ள போன தண்ணிய உப்பு இழுத்துரும்," என்றாள் பிலோமி.

"இழுக்காது. உப்பு ஒண்ணுமே செய்யாது. உடனே வாயில ஊதணும், நெஞ்சை அழுத்தணும். கரை வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"ஏலே, பொம்மைக்கு முத்தம் குடுக்கணுமாம்!"

பிலோமி எழுந்தாள். "இல்ல மேடம். மூணு வருசத்துக்கு முன்னால எங்க வீட்டுக்காரர் முங்கினப்ப, படகுல உப்பு இல்லாமத்தான் செத்தாரு. உப்பு இருந்திருந்தா பிழைச்சிருப்பான்னு, அன்னைக்கு அதே படகுல இருந்த அண்ணாச்சியே சொன்னாவ. இனி ஒருத்தனுக்கும் அப்படி ஆவக் கூடாதுன்னுதான்..."

ரம்யா வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா சார் சொன்னீங்க? ஆறு வருஷம் முன்னாடியே என்கிட்ட சர்டிபிகேட் வாங்கினீங்களே. இதே பொம்மைக்கு முதல் ஆளா ஊதிக் காட்டினது நீங்கதானே?"

வீரபாகு துண்டால் முகத்தைத் துடைத்தார். "பதட்டத்துல... மறந்துபோச்சுளா."

"உப்பு மட்டும் எப்படி அண்ணாச்சி ஞாபகம் வந்துச்சு?"

வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

பிலோமி தம்பியைப் பார்த்தாள். அனிஷ் பொம்மையைப் பார்த்தான். விடிந்தால் அவன் வீரபாகுவின் படகில்தான் போக வேண்டும்.

அவள் வெளியே போனாள். யாரும் கூப்பிடவில்லை.

"சரி மேடம், பெட்டிக்கு என்னென்ன வாங்கணும்? சொல்லுங்க," என்றார் வீரபாகு.

வாசலில் நாலு மூட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன. உள்ளே மிச்சம் ஆறு பேர்.