கை வைத்துப் பார்த்தவர்

கொட்டகையில் நின்ற பழைய டிராக்டரை வாங்க எத்தனையோ பேர் வந்தார்கள். டயரை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார்கள். வையாபுரி அப்படி இல்லை. ஸ்டார்ட் பண்ணும் முன்பே இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்து, முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி ஏமாற்றுகிறார்களா என்று பார்த்தார். டிராக்டருக்கு உடம்பே சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை அப்படித் தொட்டதில்லை.

"அண்ணே, வாயை விட்டுடாதீங்க," என்றது பக்கத்தில் கிடந்த சட்டிக்கலப்பை.

"சும்மா இருடா. வைத்தியர் மாதிரி விசாரிக்கிறாரு."

டிராக்டர் எதையும் மறைக்கவில்லை. இருமி இருமி நீலப்புகை கக்கிக் காட்டியது. முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்தபோது கடகடவென்று ஆடிக் காட்டியது. அவர் தரையில் படுத்துத் தடவியபோது, கியர்பெட்டிக்கு அடியில் வெல்டிங் வைத்த விரிசலையும் காட்டியது.

"அடடா, ரொம்பத்தான் பாடுபட்டிருக்கே," என்றார் வையாபுரி.

மறுநாளே இரண்டையும் வாங்கித் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். காட்டிய இடத்துக்கெல்லாம் வைத்தியம் நடந்தது. விரிசலுக்குப் பட்டி பூசி, மேலே சிவப்புப் பெயின்ட். சக்கரத்துக்குக் கிரீஸ் அப்பல். புகை வராமலிருக்கக் கெட்டி ஆயில்.

இருந்த ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டு, உழவுக்கு டிராக்டர் வாங்க ஒரு சம்சாரி வந்தார். அவரும் இன்ஜின்மேல் கை வைத்தார்.

"சுடுதுங்களே?"

"காலையிலேருந்து வெயில்ல நிக்குதில்லீங்களா."

டிராக்டர் இருமப் பார்த்தது. கெட்டி ஆயில் விடவில்லை.

"வேற ஏதும் குறை இருக்குங்களா?" என்றார் சம்சாரி.

வையாபுரி அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்காதா?"